கிடாவுக்கு எதிரே ஒரு தேங்காய்

அக்டோபர் 14, செவ்வாய்

கிடைத்துவிட்டது! மாரண்டஹள்ளி பெண்கள் பேஸ்பால் அணிக்கு லீக்கில் இடம். நவம்பர் ஒன்பதாம் தேதி ஓசூர் அணி எங்கள் ஊருக்கே வந்து ஆடப்போகிறது. ஒரே நிபந்தனை, சொந்த மைதானத்தில் நடத்த வேண்டும். இல்லாவிட்டால் லீக்கைவிட்டு நீக்கம். எங்களுக்கா மைதானம் இல்லை? மூன்று வருடமாகக் காய்ந்து கிடக்கும் ஏரி முழுக்க எங்களுடையதுதான். நாலு மூலையிலும் மணல் நிரப்பிய உர மூட்டை, அவைதான் பேஸ். பந்தை அடித்துவிட்டு நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அப்பாவிடம் விளக்கினேன். "கெளம்புன எடத்துக்கே திரும்பி வரதுக்கு எதுக்கு புள்ள இந்த ஓட்டம்?" என்றார்.

அக்டோபர் 17

மழை. சும்மா தூறல்தான். தூறல்தானே?

அக்டோபர் 19, ஞாயிறு

ஒன்பதாம் தேதிவரை மழை வேண்டாம், தேங்காய் உடைக்கிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் — ஏரி நிரம்பினால் கிடா வெட்டுவதாக வேண்டியிருக்கிறாராம். அதே மாரியம்மனிடம்! கிடாவுக்கு முன்னால் என் தேங்காய் எம்மாத்திரம்?

அக்டோபர் 26

கேப்டன் ஜாஸ்மின் அக்கா போனில், "பிரியா, செகண்ட் பேஸ்ல நண்டு ஓடுதுடி!" சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

ஏரி நிரம்பிக் கோடி போகிறது, கொள்ளாத தண்ணீரெல்லாம் வழிந்து ஓடுகிறது. ஊரே கரைமேல். மேளம். அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடினார் — என் அப்பா! நானும் ஆடினேன். எப்படி ஆடாமல் இருப்பது? மூன்று வருடமாகத் தக்காளி கருகியதைப் பார்த்தவள்தானே நானும்.

கிடா விருந்தில் இலைமுன் உட்கார்ந்ததும் உடைந்துவிட்டேன்.

"எதுக்கு புள்ள அழுவுற?"

"எங்க கிரவுண்டுப்பா அது! அதுமேலதான் இம்மாந் தண்ணி நிக்குது. ஒம்பதாந்தேதி எங்க போயி ஆடுறது? டீமையே தூக்கிடுவாங்க."

அப்பா தன் இலையிலிருந்த ஈரலை என் இலைக்குத் தள்ளினார். இப்போது ஈரலா முக்கியம்? தின்றுவிட்டேன், அது வேறு.

நவம்பர் 6

தக்காளி நாற்று வந்து இறங்கியது. எங்கள் நிலத்தில் மேல்கொல்லையில் மட்டும் நட்டார்கள். ஏரிக்கரையை ஒட்டிய கீழ்க்கொல்லையில் அப்பா டிராக்டர் விட்டு மட்டம் பண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அந்த மூட்டைங்கள எத்தன அடி தள்ளி வெக்கணும்?" என்றார்.

பதில்கூடச் சொல்லாமல் ஜாஸ்மின் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அப்புறம் திரும்பி வந்து சொன்னேன்.

நவம்பர் 9, ஞாயிறு

தோற்றோம்! ஒரே ஒரு ரன்னில். ஆனால் லீக்கில் இருக்கிறோம், இருக்கிறோம்!

நான் அடித்த ஒரு பந்து கரையைத் தாண்டிப் போய் ஏரியில் விழுந்தது. ஹோம் ரன். அப்பா "ஓடு புள்ள, ஓடு!" என்று கத்திக்கொண்டே இருந்தார், நான் ஓடி முடித்து உட்கார்ந்த பிறகும்.

டீ குடிக்கும்போது ஓசூர் கோச் அவரிடம் கேட்டார்: "ஏரி இப்படி ரொம்பிக் கெடக்குது. இவ்ளோ நல்ல கொல்லைய ஏங்க நடாம போட்டுட்டீங்க?"

அப்பா ஏரிப் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"தண்ணி பத்தலைங்க."