ஏறுகிற வண்டிக்கு வழி

இன்று மத்தியானம் எங்கள் ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் காட்டும் திரை அப்படியே நின்றுபோனது. ஒரே எண் மாறாமல் சிவப்பாக எரிந்துகொண்டிருக்க, கூடத்தில் உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் அதையே வெறித்துப் பார்த்தது. ரிசப்ஷன் பெண் ஓடி வந்து, "அக்கா, மிஷின் ஹேங் ஆயிடுச்சி, சீக்கிரம் வாங்க" என்றாள். எழுந்தபோதுதான் ஜன்னல் கண்ணில் பட்டது. மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. உன் மலை. கல்வராயன்மேல் மழை இறங்கினால் கள்ளக்குறிச்சிக்கு முதலில் வருவது காற்றுதான், உனக்குத் தெரியுமே. நனைந்த மண்ணும் பச்சை இலையும் கலந்த வாசனை. ஊரே அதை ஆசையாக மூச்சிழுத்துக்கொள்ளும். எனக்கோ கையும் ஓடாது, காலும் ஓடாது.

இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நீ இருந்திருந்தால், "நீயும் டாக்டர் ஆயிட்ட, மிஷினுக்கு" என்று கிண்டல் அடித்திருப்பாய்.

நம் கல்லூரி லேப் நினைவிருக்கிறதா? கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பை வாசலிலேயே விட வேண்டும். ஏசி இருந்தது அந்த ஓர் அறையில் மட்டும்தான். முதல் நாள் வெறுங்காலோடு உள்ளே வைத்த அடி சில்லென்று ஏறியது. துணி போர்த்தி வரிசையாக வைத்திருந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்து என் காதில், "இன்னாடி இது, பொணம் வெக்கிற ரூம் மாதிரி கீது" என்றாய். முதல் நாளே அபசகுனமாகப் பேசாதே என்று உன் கையைக் கிள்ளினேன். நீ சிரித்தாய். உனக்குக் கருநாக்கு என்று அன்றைக்கு விளையாட்டாக நினைத்தது இப்போது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

நாம் இருவருமே தமிழ் மீடியம். நீ மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவள். நான் சின்னசேலம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவள். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடம் நமக்கு வேப்பங்காய். கம்ப்யூட்டருக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் நடக்கும், எதற்கு முதல் இடம், எதைக் காக்க வைப்பது என்று பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை என்பதே புரிய ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். புத்தகத்தில் வரும் ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கி எனக்குச் சொல்லுவாய். தாய் ப்ரோக்ராம் முந்தி முடிந்துபோனால் பிள்ளை ப்ரோக்ராமுக்குப் பெயர் அநாதை. வேலை முடிந்தும் பட்டியலை விட்டுப் போகாமல் நிற்பது பிசாசு. முறை வராமலே காத்துக் கிடப்பது பட்டினி. ஓடுகிற ஒன்றை நிறுத்தும் கட்டளையோ, கில்; அதாவது கொல். "இன்னா பாடம்டி இது, பக்கத்துக்குப் பக்கம் எழவு வூடா கீது?" என்று கேட்டாய். வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் சிரித்துவிட்டேன்.

அந்தக் கில் கட்டளையை அடிக்க மட்டும் உனக்கு மனம் வராது. கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடிப்பாய். "வெறும் ப்ரோக்ராம்டி அது" என்பேன். "இருக்கட்டுமே. அதுபாட்டுக்கு வேல செஞ்சிக்கினு இருந்துச்சி இல்ல?" என்பாய்.

டெட்லாக் என்ற பாடத்தை மேடம் எத்தனை தடவை சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. கேன்டீனில் உன் டிபன் பாக்ஸையும் என் டிபன் பாக்ஸையும் எதிரெதிரே முட்டவைத்து நீ சொன்னாய். "எங்க மலை ரோடு ஒரு வண்டி போற அகலந்தான். மேலருந்து ஒண்ணு எறங்குது, கீழருந்து ஒண்ணு ஏறுது. மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுடுச்சி. அவன் நிக்கிற எடம் இவனுக்கு வேணும், இவன் நிக்கிற எடம் அவனுக்கு வேணும். ரெண்டு பேரும் வுட மாட்டான். பின்னால வேற வண்டிங்க வந்து அடச்சிக்கும். அதான்டி டெட்லாக்."

"அப்புறம் இன்னா பண்ணுவீங்க?"

"ஏறுற வண்டிக்குத்தான் வழி. எறங்குறவன் பின்னால போயி ஒதுங்கணும். மலையில அதான் சட்டம்."

ஏறுகிற வண்டி நடுவில் நின்றால் மறுபடி கிளப்புவது கஷ்டம், அதனால் அந்த வழக்கம் என்று விளக்கினாய். நியாயமாகத்தான் பட்டது. உனக்கும் பட்டது.

புத்தகத்தில் வேறு தீர்வு போட்டிருந்தது. முட்டிக்கொண்டு நிற்பவற்றில் ஒன்றைச் சிஸ்டமே தேர்ந்தெடுத்துப் பின்னுக்குத் தள்ளிவிடும். முன்னுரிமை கம்மியானது எதுவோ, தள்ளினால் நஷ்டம் கம்மியாக வருவது எதுவோ, அது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டதை 'விக்டிம்' என்பார்கள். நீ அதற்கு 'பலி' என்று பெயர் வைத்தாய். வகுப்பில் எழுந்து, "மேடம், ஒவ்வொரு தபாவும் அதே ஆளையே பலி குடுத்துக்கினு இருந்தா?" என்று கேட்டாய். மேடத்துக்கு எரிச்சல். "அதுக்குத்தான் ஏஜிங்னு ஒண்ணு இருக்கு. காத்திருக்கக் காத்திருக்க அதுக்கு முன்னுரிமை ஏறும். பரீட்சைக்கு வரும், எழுதிக்கங்க" என்றார். உட்கார்ந்ததும் நீ எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாய்: "எங்க ஊருல காத்துக்கினு இருந்தா வயசு மட்டுந்தான்டி ஏறுது."

பரீட்சை விடுமுறைக்கு மலைக்குப் போனவள் பிராக்டிகல் நெருங்கியும் திரும்பவில்லை. உங்கள் ஊருக்குப் போன் கிடையாது. மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. மனசு கேட்காமல் காலை பஸ் பிடித்து மேலே வந்தேன். நீ பாயில் சுருண்டு கிடந்தாய். தொட்டால் அடுப்புக் கல். "மழ வுட்டதும் எறக்கலாம்னு பாத்தேம்மா, வுடவே மாட்டேங்குது" என்றார் உன் அண்ணன். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜீப்பை வாங்கி அவரே ஓட்டினார். பின் சீட்டில் என் மடியில் உன் தலை.

பாதி இறக்கத்தில், ஒரு வளைவில், ஜல்லி லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. அந்தச் சாலையைச் சரிசெய்யத்தான் ஜல்லி. ஒரு பக்கம் பாறை. லாரிக்கும் பாறைக்கும் இடையே ஆள் நுழைய இடமில்லை. மறுபக்கம் சாலையின் விளிம்பு மழையில் கரைந்து விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். நமக்குப் பின்னால் குச்சிக்கிழங்கு லாரி ஒன்றும் அதன் பின்னே பஸ்ஸும் வந்து நின்றுவிட்டன.

உன் அண்ணன் இறங்கி ஓடினார். "தங்கச்சி உள்ள கீதுப்பா, மூச்சு இழுக்குது. கொஞ்சம் பின்னால வாங்குப்பா."

"லோடு வண்டிங்க. பின்னால வுட்டா நேரா பள்ளந்தான். ஏறுற வண்டிக்குத்தானே வழி, மலைக்காரரு உங்களுக்குத் தெரியாதா?" என்ற டிரைவர், ஜீப்புக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். "ஐயோ, பொண்ணு... நான் இன்னா பண்ணுவேங்க, பிரேக்கு நிக்காதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்தச் சாலையில் கெட்டவர் என்று ஒருத்தர்கூட இல்லை. இன்றுவரை என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

நீ கண்ணைத் திறந்தாய். "டெட்லாக்காடி?"

"பேசாத. பின்னால போயி வழி வுட்டுட்டு எறங்கிடலாம்."

"யாரு பலி?"

நான் உன் வாயைப் பொத்தினேன். என் கையை விலக்கிவிட்டு மெல்லச் சொன்னாய்: "காச்சக்காரங்க எல்லாம் எறங்குற வண்டியிலதான்டி இருப்பாங்க."

அது ஏன் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை? பிள்ளைத்தாய்ச்சியும் பாம்பு தீண்டியவனும் காய்ச்சல்காரனும் மலையிலிருந்து இறங்கித்தானே வர வேண்டும்.

முதலில் பஸ் பின்னால் போனது. பிறகு கிழங்கு லாரி. அதன் பிறகு நாம். ஜீப் பின்பக்கமாக மேலே ஏறியது. முன் கண்ணாடியில் கீழே சமவெளி தெரிந்தது, ஆஸ்பத்திரி இருக்கிற திசை தெரிந்தது, எல்லாம் நம்மைவிட்டு விலகிக்கொண்டே போயின. ஒதுங்குமிடம் வருவதற்குள் உன் மூச்சு நின்றுவிட்டது. லாரி நம்மைக் கடந்து மேலே போனது. வழி திறந்துவிட்டது. இறங்க இனி அவசரம் இல்லை.

இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு கவனித்தேன். மலைச் சனம் வந்தால் அவசரம் என்று வாய்திறந்து சொல்லாது. கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கி உட்காரும். கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் பார்க்காமலே எழுந்து போய்விடும். டாக்டரிடம் மன்றாடி டோக்கன் ப்ரோக்ராமில் ஒரு விதி சேர்த்தேன். மலையிலிருந்து வந்தவர் டோக்கனில் 'ம' என்று விழும்; அவர் வரிசையின் முன்னால் போவார். முதல் வாரமே ஒருவர் சண்டைக்கு வந்தார். "நாங்க காலைலருந்து குந்திக்கினு கீறோம், இவங்க இப்பத்தான் வந்தாங்க. இது இன்னா நியாயம்?"

"எறங்குற வண்டிக்கு வழி வுடுங்கண்ணே" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்று மிஷினை அணைத்து மறுபடி போட்டேன். திரை உயிர்பெற்று எண்கள் நகர்ந்தன. ரிசப்ஷன் பெண் பெருமூச்சுவிட்டு, "நல்லவேள அக்கா. இன்னிக்கு 'ம' டோக்கன் ஒண்ணுகூட விழல. மலையில காச்சல் கம்மி போல" என்றாள்.

என் விதி ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளேதான் ஓடும். மழை நாளில் மலையில் காய்ச்சல் கம்மியாகாது. இறங்குகிற வண்டி எங்கோ ஒரு வளைவில் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருக்கும்.

வேலை நேரம் முடிந்துவிட்டது. மேற்கே இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. முதல் 'ம' விழுகிறவரை நான் வீட்டுக்குப் போகப் போவதில்லை.