இடது பக்கச் சிவப்புக் கோடு

முதலாளிக்காகச் சவரியப்பன் செய்துகொண்டிருந்த முழநீள மாதிரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்புறம் அவன் மனைவி ஞானமணி எழுதினாள்:

"சோறு வடிச்சிருக்கேன். கொழம்பைச் சுட வச்சுக்கங்க. நான் கீரமங்கலத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்."

இவ்வளவுதான் எழுத நினைத்திருந்தாள். லாரி டியூபுக்கு அவள் பம்பு அடிப்பாள். அந்தக் காற்றில் பெயிண்டைப் பீய்ச்சும் ஏர் பிரஷ்ஷைப் பிடித்து அவன் மெல்லிய கோடு இழுத்துப் பழகுவான். மூன்று நாளைக்கு முன் கோடு தடித்துச் சிதறியது. "காத்து பத்தல, ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?" என்று கத்தியவன், அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச ஆளில்லாத வீட்டில், நேற்று அவன் வேலைக்குப் போனதும் அவளே பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தாள்.

மூடிய பேனாவை மறுபடி திறந்தாள்.

"பஸ்ஸுல இடது பக்கம் முடி மாதிரி ஒரு செவப்புக் கோடு இருக்கும். நான் போட்டது. பெயிண்டை இன்னும் தண்ணியாக் கலக்கி, காத்தைக் கொறச்சேன். காத்து கூடிப் போனதுதான் கோளாறு."

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"பஸ்ஸை ஏன் தொட்டேன்னு திட்டுறதா இருந்தா, தனியா நின்னு கத்தாதீங்க. கீரமங்கலத்துக்கு வந்து திட்டுங்க."