டைகர் மேல் போட்ட பழி

இன்று காலை அடையாற்றில் நல்ல மழை. ஜன்னலைச் சாத்திவிட்டு, நம் படுக்கையறையில் மண்டியிட்டு, மரத்தரையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வாசனை இல்லை. ஈரக்காற்று பட்டால் பலகைக்குள்ளிருந்து கிளம்பி வருமே, அந்த மூத்திர நெடி, அது சுத்தமாகப் போய்விட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நானோ அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய உங்களைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்வேன்? அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தத் தரை மேல் உங்களுக்கு இருந்த மோகம் ஊருக்கே தெரியும். மயிலாப்பூரில் யாரோ பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அந்தத் தேக்கை வாங்கி, இழைத்து, இந்த ஓர் அறைக்கு மட்டும் பலகை போட்டீர்கள். "மொசைக் தரை போதாதா? நாம என்ன ஊட்டியிலயா இருக்கோம்?" என்று கேட்டேன். "காலை வச்சுப் பாரு, அப்புறம் பேசு" என்றீர்கள். அதற்கப்புறம் அந்த அறைக்குள் செருப்பு வரக் கூடாது, ஈரத்துணி படக் கூடாது. வேலைக்கு வரும் சரளா பழக்க தோஷத்தில் ஒரு பக்கெட் தண்ணீரோடு நுழைந்துவிட்டாள் என்று நீங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் பதறிப்போய் மாடி ஏறி வந்தார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் நீங்கள். அந்த ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் டயப்பர் பற்றிப் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோ மருந்துக் கடையைத் தாண்டுகையில் நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

முதல் தடவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலையில் கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் தரை நனைந்திருந்தது. நீங்கள் வேறு வேட்டி கட்டிக்கொண்டு, நாற்காலியில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தீர்கள். நீங்களாகவே பேப்பருக்குப் பின்னாலிருந்து, "இந்த டைகர் பண்ணியிருக்கிற வேலையைப் பாத்தியா?" என்றீர்கள்.

அறைக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. டைகர் ஹாலில், கதவுக்கு அந்தப் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பெயர்தான் டைகர். பால்காரரைப் பார்த்தாலே சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நாய். குட்டியாக வந்த புதிதில் செய்ததோடு சரி, அதன் பிறகு வீட்டுக்குள் அவன் ஒரு சொட்டு விட்டதில்லை.

"இன்னிக்கு அவனுக்குச் சோறு கிடையாது" என்றேன், சத்தமாக. கதவைத் திறந்து, "ஏண்டா தடியா!" என்று ஓர் அதட்டலும் போட்டேன். அவன் சந்தோஷமாக வாலை ஆட்டினான்.

அன்றிலிருந்து அது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. "இன்னாக்கா, இந்த நாயி மறுபடியும் வேலையக் காட்டிக்கீது?" என்பாள் சரளா. "வயசாயிடுச்சு சரளா" என்பேன். பெங்களூரிலிருந்து நம் பிள்ளை தினேஷ் போனில், "அப்பா, அவனை பால்கனியில கட்டிப் போடுங்க" என்பான். "பாவம்டா, போகட்டும்" என்பீர்கள், பெரிய மனசு பண்ணி. பழி போட்ட நாட்களில் மத்தியானம் சமையலறையில் பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். "கோச்சுக்காதடா ராஜா" என்று நீங்கள் அவனிடம் கிசுகிசுப்பதும் கேட்கும். தின்று தின்று டைகர் உருண்டையாகிப்போய், கால்நடை டாக்டரிடம் நான் திட்டு வாங்கினேன்.

ஒரே ஒரு தடவை நீங்கள் அதைத் தொட்டுப் பேசினீர்கள். சாயங்காலக் காபி குடித்துக்கொண்டிருந்தோம். "நீ நாடகத்துக்குப் போயிருக்கலாம், என்னமா நடிக்கிறே!" என்றீர்கள். "நீங்க மட்டும் என்னவாம்?" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நம் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நெருக்கமான ஒரு நேரம் எனக்கு நினைவில்லை.

நீங்கள் போன பிறகு தினேஷ் மாற்றல் வாங்கிக்கொண்டு பவித்ராவோடு இங்கேயே வந்துவிட்டான். நம் மருமகளுக்கு இப்போது ஏழாம் மாதம். இந்த அறையை அவர்களுக்குக் கொடுத்தேன். போன மழைக்குத் தரையிலிருந்து நெடி கிளம்பியதில் அவளுக்கு ஒரே குமட்டல். தினேஷ் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"அம்மா, குழந்தை தவழப்போற தரை. கொட்டிவாக்கத்துல என் ஃப்ரெண்டு வீட்டுல பெரிய தோட்டம் இருக்கு. டைகரை அங்க விட்டுடலாம்மா."

வயதான நாய். தெரியாத இடத்தில் கட்டிப் போட்டால் சோறு இறங்காமலே செத்துப்போவான். 'அது டைகர் இல்லைடா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நாய் பிழைக்கும். ஆனால், அன்று காலை பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தீர்களே, அது கண் முன்னால் வந்து நின்றது. "கறையை எடுத்துட்டா அவன் இங்கேயே இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எடுத்தாலும் மறுபடி பண்ணுவான்மா."

"பண்ண மாட்டான்."

எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளறியிருப்பேன்.

வினிகரைத் தண்ணீரில் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தேன். காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி ஊறப்போட்டுப் பெருக்கினேன். நெடி குறைந்தது, பலகையில் ஏறியிருந்த கறுப்பு அசையவில்லை. மருந்துக் கடையில் பெராக்ஸைடு வாங்கி வந்து, துணியில் நனைத்துக் கறை மேல் போட்டு வைத்தேன். கறுப்பு பழுப்பானது. மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தினேஷும் கூட உட்கார்ந்தான்.

கட்டிலை ஹாலுக்குத் தள்ளியிருந்ததால் தரை முழுக்கத் தெரிந்தது. நீங்கள் படுக்கும் பக்கத்தில் ஒரு கறை. கொஞ்சம் தள்ளி ஒன்று. அலமாரி ஓரமாக ஒன்று. கடைசிக் கறை குளியலறைக் கதவுக்குக் கை எட்டும் தூரத்தில். எல்லாம் ஒரே கோட்டில், கட்டில் கிடந்த இடத்திலிருந்து கதவைப் பார்த்துப் போயிருந்தன. தினேஷ் தேய்ப்பதை நிறுத்தினான். கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். பிறகு அந்தக் கடைசிக் கறை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான்.

"வயசான நாய்ங்க இப்படித்தான்மா" என்றான், தலை நிமிராமல். "அது என்ன பண்ணும், பாவம். இங்கேயே இருக்கட்டும்."

அச்சு அசல் நீங்கள்தான். குரல்கூட அதேதான்.

இப்போது கறை முழுக்கப் போய், மேலே வார்னிஷும் அடித்தாயிற்று. டைகர் எங்கேயும் போகவில்லை. உங்கள் மானமும் பத்திரமாக இருக்கிறது. தரையிலிருந்து போன அந்தக் கோடு என் கண்ணைவிட்டு மட்டும் போக மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கிறீர்கள். என் தூக்கம் கெடக் கூடாது என்று விளக்குகூடப் போடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். ஒரு தடவை கிட்டத்தட்டக் குளியலறைக் கதவையே எட்டிவிட்டீர்கள்.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. நான் பக்கத்தில்தானே படுத்திருந்தேன்.