மீன்கொத்தி ஒட்டிய பார்சல்கள்

ஜூலை 3, வியாழன்

அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இன்று ஐந்து பார்சல். அம்மா துணிப் பொம்மை தைத்து ஆன்லைனில் விற்கிறார். ஸ்டாம்ப் தேர்ந்தெடுத்து ஒட்டுவது என் இலாகா. நீலப் பாவாடைப் பொம்மைக்கு மீன்கொத்தி, சிவப்புக்கு மரங்கொத்தி. வாங்கிய ஒருவர் பார்சலைப் படமெடுத்துப் போட்டிருந்தார்: "ஸ்டாம்பைப் பார்த்ததும் பிரிக்கவே மனசு வரல." அம்மா மூன்று தடவை சத்தமாக வாசித்தார். "பொம்மையை விட உன் ஸ்டாம்புக்குத்தான்டி மவுசு. ஊசியில விரலைக் குத்திக்கிட்டதுதான் எனக்கு மிச்சம்!"

ஆனால் பறவைப் படம் போட்ட ஸ்டாம்ப் தாள் இன்றோடு தீர்ந்தது. தெருமுனை ஸ்டேஷனரிக் கடை மாமாதான் தபால் ஆபீஸ் அனுமதியோடு ஸ்டாம்ப் விற்கிறார். உதட்டைப் பிதுக்கினார். "இனிமே இந்தப் பழுப்புக் கட்டடம் போட்ட ஸ்டாம்புதான் பாப்பா. பறவையெல்லாம் பறந்துபோச்சு."

ஜூலை 5, சனி

வெளியே சொல்ல முடியாத வேலை ஒன்று செய்துவிட்டேன்.

வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்த பார்சல்கள் அலமாரி மேல் கிடந்தன. அவற்றின் மீன்கொத்திகள் மேல் முத்திரை சரியாக விழவே இல்லை. வெந்நீரில் ஊறவைத்து உரித்தேன். கணக்கு நோட்டுக்குள் உலர்த்தினேன். பசை தடவிப் புதுப் பார்சலில் ஒட்டினேன். அசல் புதுசு! ஒட்டியிருக்க வேண்டிய கட்டட ஸ்டாம்புகளைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

காசுக்காக இல்லை, அழகுக்காகத்தான். அப்படியென்றால் ஏன் ஒளித்துவைத்தேன்?

ஜூலை 7, திங்கள்

வகுப்பில் மூன்று பேரிடம் பழைய உறைகள் வாங்கினேன். ஸ்டாம்ப் சேகரிக்கிறேன் என்று சொன்னேன். இன்னும் ஆறு பறவைகள்.

ஜூலை 10, வியாழன்

மாட்டிக்கொண்டேன் — இல்லை, மாட்டியது நான் இல்லை. அதுதான் கொடுமை.

தபால் ஆபீஸ் கவுன்டர் அக்கா பார்சலை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாராம். ஓரத்தில் பழைய முத்திரையின் கறுப்பு. "ஏற்கெனவே ஒரு தடவை போன ஸ்டாம்பும்மா. எங்க வாங்குனீங்க?" வரிசையே அம்மாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. அம்மா மாமா கடையைச் சொல்லியிருக்கிறார்.

அம்மா அங்கிருந்து நேரே கடைக்கு வந்தார். கடையில் கூட்டம். நானும் அங்கேதான் ஸ்கூல் பையோடு ரீஃபில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"பழசைக் கழுவி என் தலையில கட்டுவீங்களா, அண்ணே? உங்கள எவ்வளவு நம்புனேன்!"

"என்கிட்ட பறவை தீர்ந்தே ஒரு வாரம் ஆச்சும்மா. பாப்பாவையே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பறவையும் குடுத்தாரும்மா" என்றேன்.

ஐயோ. ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்க்கு வந்துவிட்டதே!

ஜூலை 12, சனி

தபால் ஆபீஸ்காரர்கள் வந்து மாமாவின் ஸ்டாம்ப் தாள்களை எடுத்துப் போய்விட்டார்கள். விசாரணை முடியும்வரை விற்கக் கூடாதாம். நான் ஸ்கூலுக்குப் பின்தெரு வழியாகப் போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கை பட்டதும் அழுகை முட்டியது.

ஜூலை 14, திங்கள்

பூகோளப் புத்தகத்தைத் தையல் மெஷின் மேல் கவிழ்த்தேன். கட்டடங்கள் கொட்டின. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா அடிக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். நுழையவே இல்லை.

"அந்த மனுஷனை நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேட்டேனேடி... செருப்பைப் போடு."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை அம்மா காத்திருக்கவில்லை. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டேன். இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு எங்க மேல, அண்ணே." என் முதுகில் கை வைத்தார். தள்ளவில்லை, வைத்தார், அவ்வளவுதான். நான் சொன்னேன்.

மாமா ஜெராக்ஸ் தாள்களைத் தட்டி அடுக்கினார். "இதைத் தபால் ஆபீஸ்லயும் சொல்லணுமே" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஜூலை 19, சனி

நடந்ததை எழுதித் தரச் சொன்னார் போஸ்ட் மாஸ்டர். எழுதினால் மாமாவின் தாள்கள் திங்களன்று திரும்பிவிடும். எங்கள் பார்சல்களுக்கு இனி ஸ்டாம்ப் இல்லை; கவுன்டரிலேயே தபால் கட்டணச் சீட்டு அடித்து ஒட்டுவார்களாம்.

தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று முடித்தேன்.

அம்மா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "தெரியாமலா?"

அதை அடித்தேன். "தெரிந்தே செய்தேன். கடை மாமா மேல் பொய்யும் சொன்னேன்" என்று எழுதினேன்.

அம்மா பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்.