கட்டைவிரல் ஜபம்

8-2-1968, மாட்டுங்கா
ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றேன். அரிசி இல்லையாம், கோதுமைதான். சாயங்காலம் பக்கத்தாத்து நாணு மாமா, "மாமி, உங்காத்துக்காரர் ரயிலில்கூட ஜபத்தை விடறதில்லை. ஜபம் எண்ணிண்டு கட்டைவிரல் ஓடிண்டே இருக்கு" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் போகிற மனுஷனில் யாருக்கு இத்தனை பக்தி?

11-2-1968
இவர் காலையில் சந்தியாவந்தனம் பண்ணும்போது சமையலுள்ளில் நானும் காயத்ரி மந்திரத்தை முணுமுணுத்துவிட்டேன். முப்பது வருஷமாகக் காதில் விழுகிறது, வராதா? போட்டாரே ஒரு கத்து! "பொம்மனாட்டி வாயில் அது வரப்படாது, நாகு!" சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நானும் காபியை டங்கென்று வைத்தேன்.

2-4-1968
இவர் மாட்டுங்காவில் இறங்காமல் குர்லாவரை போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். நாணு மாமாதான் பார்த்து அழைத்து வந்தார். "போர்டைப் படிச்சேன். நம்ம ஸ்டேஷன்னு தோணலை" என்கிறார். இருபத்தாறு வருஷமாக இறங்குகிற ஸ்டேஷன்! கையெழுத்தும் எறும்பாகச் சிறுத்துவிட்டது. என்ன ஆச்சு இவருக்கு?

19-4-1968
டாக்டர் ஜகந்நாதனிடம் போனோம். இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் உருண்டுகொண்டே இருந்தது. "இது எத்தனை நாளா?" என்றார் டாக்டர். நான் — ஐயோ, நான் — சிரித்துக்கொண்டே, "ஒன்றரை வருஷமா. அது ஜபம், டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "மிஸ்டர் பஞ்சாபகேசன், ஜபத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கோ."

"நான் ஒண்ணும் பண்ணலையே, சார்" என்றார் இவர். விரல் நிற்கவில்லை.

பார்க்கின்சன் வியாதியாம். மூளையில் டோபமைன் என்று ஒன்று ஊறவேண்டுமாம்; இவருக்கு அது வற்றிக்கொண்டு வருகிறதாம். முக்கால்வாசி போன பிறகுதான் வெளியே தெரியுமாம். அமெரிக்காவில் ஏதோ மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாம், இங்கே இன்னும் வரவில்லையாம். "வந்தாலும் கை நிக்கலாம், மாமி. ஞாபகத்துக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது."

ஒன்றரை வருஷம்! அந்த விரலைப் பார்த்துப் பார்த்துப் பூரிச்சேனே. கோவில்ல எல்லாரண்டையும் பீத்திண்டேனே, பாவி. கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?

20-4-1968
எழுத ஓடவில்லை.

21-4-1968
கை ஆடினால் ஆடட்டும், பகவானே. இந்த முன்கோபக்கார மனுஷனை மட்டும் அப்படியே எனக்கு விட்டுவை.

3-9-1968
ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. இனி வீட்டோடுதான். பெண் ஷ்யாமளா விழுந்து விழுந்து அழுதாள். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "யார் ரிட்டயர் ஆறா?" என்று கேட்டார்.

14-11-1968
காலையில் சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரம் எடுத்து வைத்தேன். காயத்ரி பாதியில் நின்றுவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றார். மூன்றாம் தடவையும். கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. சமையலுள்ளிலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிட்டேன். கரண்டியும் கையுமாக, கத்தப்போகிறார் என்று நின்றேன்.

கத்தவில்லை. சமத்தாகத் திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்கு என் வாயையே பார்த்தார்.

ஏன்னா, ஒரே ஒரு கத்து கத்தப்படாதா?