பாரையின் செவுளில் உன் பெயர்

கூப்பிட்டால் இன்னும் அடுப்படியிலிருந்து "என்ன?" என்று கேட்பாய் போலிருக்கும் என் பூமணிக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உன் முதல் திவசம். அதற்குள் நான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். மாட்டிவிட்டது வேறு யாருமில்லை, என் வாய்தான்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மகள் சுகி கம்பஸில் ஆராய்ச்சிக்காகக் கடல்மீன்களில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களை வகை பிரிக்கிறாள் அல்லவா? தேற்றாத்தீவுக் கரையில் வாங்கிய பாரை மீனின் செவுளில், இதுவரை யாரும் பெயர் வைக்காத புழு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கும் நுணுக்குக்காட்டியில் காட்டினாள். வாலடியில் தூண்டில்முள் மாதிரி வரிசையாகக் கொளுக்கிகள். அவற்றின் வடிவத்தைப் பார்த்துத்தான் இது இன்ன வகை என்று முடிவு செய்வார்களாம். பாரையை விட்டால் வேறு மீனில் அது பிழைக்காதாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து உன் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறவன் நான். ஓஎல் சோதனையோடு படிப்பை விட்டாலும் அது மட்டும் நன்றாக விளங்கியது.

"அம்மாட பேர வைக்கப் போறன் அப்பா. மீன் செவுளத் திறந்து எனக்கு முதல் காட்டினவ அவதானே?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோசத்தில் செட்டிபாளையத்துக்கு ஓடினேன், உன் அண்ணனிடம் சொல்ல.

"மீனில ஒட்டி ரெத்தம் குடிக்கிற புழுவுக்கா என்ர தங்கச்சிட பேரு?"

"அப்பிடியில்ல மச்சான். நமக்கு மாதிரி அதுகளுக்கும் குடி இருக்காம். பேரு வெச்சா அதுவும் உங்கட குடிதானே!"

தாய்வழியில் வரும் குடியைத் தொட்டுப் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதுவும் வேறு குடியிலிருந்து வந்த மாப்பிள்ளை நான்!

"புழுவ எங்கட குடியில சேக்கிறியா? உன்னச் சேத்ததே போதும்டா! பேர மாத்தாட்டித் திவசத்துக்கு என்ர கால் அங்க படாது."

"மாத்திப்போடுவம் மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சுகி அந்தப் புழுவைப் பற்றிய கட்டுரையை முடித்து வைத்துக்கொண்டு இருந்தாள். "அப்பா, அனுப்பட்டா? அம்மாட பேருதானே?" அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? "ஓம் மகள், அனுப்பு" என்றேன்.

அச்சில் வரும்வரை பெயரை மாற்றலாமாம். வந்தபின் அவளே நினைத்தாலும் முடியாதாம். அதுதான் என்னைத் தின்கிறது. உன் அண்ணன் போனெடுத்து, "மாத்தியாச்சா?" என்கிறார். "அந்த வேலதான் நடக்குது" என்கிறேன். சுகி வந்து, "மாமா என்ன சொன்னார்?" என்கிறாள். "துள்ளிக் குதிச்சார்" என்கிறேன். அது பொய்யில்லை, பார். இப்போது போன் அடித்தால் வெளியே வளவுக்குள் போகிறேன், சுகி வளவுக்கு வந்தால் வீட்டுக்குள் வருகிறேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா? இல்லை, வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்திருப்பாயா? யாருக்கு அடித்திருப்பாய், எனக்கா, அண்ணனுக்கா?

இதை எழுதும்போதே ஒன்று தெளிந்துவிட்டது. மற்றவர்கள் வெட்டி எறியும் செவுளுக்குள் சுகி உன்னைத் தேடியிருக்கிறாள். அந்தப் பெயரை மாற்றச் சொல்ல என்னால் ஏலாது.

நாளைக் காலை செட்டிபாளையம் போகிறேன். "பேரு மாறாது மச்சான். ரெண்டு பேருக்கும் ஓம் சொன்னவன் நான்தான், பிள்ளைய ஏசாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. வெள்ளிக்கிழமை அவருக்காகக் கொஞ்ச நேரம் பார்த்திருப்போம். படையல் பிந்தினால் கோபிக்காதே. அவர் வராவிட்டால், அவர் ஏற்றவேண்டிய விளக்கைச் சுகி ஏற்றுவாள்.

உன் அண்ணனுக்குப் பயந்த மச்சான்,
உன் சுகியின் அப்பா