விளிம்பை வெட்டிய வரைபடம்

என் அன்பு ரெஜினா,

காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபிக்காதே. ஞானஸ்நானத்தில் நீ ஏந்திய என் பிள்ளை, உன் ஞானமகள், இப்போது தவழ்கிறாள். கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குள் போகிறது. நானும் அவளுக்குப் பின்னாலேயே தவழ்கிறேன். இன்று எழுத வைத்தது ஆத்திரம்.

சிலாவத்துறைக்குத் தெற்கே போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய பதினொரு வீடுகளும் அரசாங்கக் காட்டுக்குள் இருக்கின்றனவாம். எல்லைக்கல் நாட்டப் போகிறார்களாம். இப்படி அரசாங்க அலுவலகக் கடிதம் கிடைத்ததும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ வேலை செய்த அந்தக் கந்தோருக்கே ஓடினேன். அதிகாரி மேசையில் பெரிய வரைபடமொன்றை விரித்தார்.

“பாருங்கோ தங்கச்சி. இந்தப் பக்கம் ஒரு வீடும் இல்லை. வெறும் காடு.”

“அப்ப இவள் எங்க சேர் குடியிருக்கிறாள்? மரத்திலயோ?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. “படத்தில இருக்கிறதைத்தான் நாங்கள் பார்க்கலாம்.”

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அது உன் கை. எழுத்தின் வாலை நீ இழுக்கும் விதம் எனக்குத் தெரியாதா? அங்கே நீ படவரைஞராக இருந்தபோது, முழுப் பிரிவும் ஒரே தாளில் அடங்க வேண்டுமென்று சிறுப்பித்து வரைந்த படம். அதைப் போட்டோக்கொப்பி இயந்திரத்தில் போட்டு ஊதிப் பெருப்பித்திருக்கிறார்கள். நீ மெல்லிசாக இழுத்த எல்லைக்கோடு என் விரல் தடிப்பில் கிடக்கிறது. அந்தத் தடிப்புக்குள்ளேயே எங்கள் கிணறு போய்விட்டது.

சிறுப்பிக்கும்போது விட்டது பெருப்பிக்கும்போது திரும்பி வராது என்று படவரைஞர் வகுப்பில் நாம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோமே. அது இவர்களுக்குத் தெரியாதா? கிணற்றை வந்து பார்க்க என்ன கஷ்டம்? மோட்டார் சைக்கிளில் வரக்கூடிய தூரம்தானே?

ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது உன்னைத்தான் திட்டினேன். கோயிலுக்கு ஒரு சிலுவை போட இடமிருந்தது, எங்களுக்குப் பதினொரு புள்ளி போட இடமில்லையாடி? என் வீட்டு மீன்குழம்பை எத்தனை தரம் வழித்துச் சாப்பிட்டிருப்பாய்!

மறுநாள் உன் அம்மாவிடம் போனேன். “அலுமாரிக்கு மேல சுருட்டி வச்சபடி கிடக்குது பிள்ளை. நான் தொடேல்லை,” என்றார். தூசியைத் தட்டி விரித்தேன். அதே படத்தின் பிரதி. கீழ் விளிம்பில் உன் எழுத்து: ‘சிறுப்பித்த படம். தனி வீடுகள் விடப்பட்டுள்ளன. பெருப்பித்துப் பாவிக்க வேண்டாம்.’

பஸ்ஸில் உன்னை வீணாகத் திட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்ளடி.

அந்தத் தாளோடு மீண்டும் கந்தோருக்குப் போனேன். அதிகாரி வாசித்தார். தாளைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“பெருப்பிக்கேக்க கொப்பியில விளிம்பு விழாது தங்கச்சி. வெட்டித்தான் எடுக்கிறது.”

“விழாததெல்லாம் இல்லையெண்டோ சேர்?”

“சரி, இதில வீடு விடுபட்டிருக்கெண்டு இருக்கு. எத்தனை, எங்கயெண்டு இல்லையே? அளந்து ஒரு படம் கொண்டு வாங்கோ, பாப்பம்.”

தப்பு அவர்களுடையது. அதைத் திருத்தும் வேலை, பால்குடிப் பிள்ளையோடு நிற்கிற எனக்கு! கல் நாட்ட முந்திக்கொண்டு வந்தால் என்ன செய்வேன்? அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் இவளைக் குளிப்பாட்டுகிறேன்.

ஆனாலும் செய்யத்தான் போகிறேன். நேற்றே தொடங்கிவிட்டோம். பக்கத்து வீட்டு மேரியக்கா அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். “இழுத்துப் பிடி பிள்ளை, என்ர குசினியைக் குறைச்சுப் போடாத!” என்று சத்தம் வேறு. நாலு வீடு முடிந்தது. இன்னும் ஏழு.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒரு வீட்டையும், ஒரு கிணற்றையும் விடமாட்டேன். உன்னைப்போல் நானும் ஒரு குறிப்பு எழுதுவேன்: ‘இங்கே பதினொரு குடும்பங்கள் வாழ்கின்றன. சிறுப்பித்தாலும் விடக் கூடாது.’ விளிம்பில் எழுதமாட்டேன் ரெஜினா. வீடுகளுக்கு நடுவே, அதை வெட்டுகிறவன் எங்கள் கிணற்றையும் சேர்த்து வெட்டவேண்டிய இடத்தில் எழுதுவேன்.

உன் ஞானமகளின் அம்மா,
எலிசா